போலீஸ் எப்படி, கோர்ட்டு எப்படி? ஊரைக் கேட்டுத் தெரிந்துகொள்வது எப்படி?

'நகரவாசிகளில் பாதிப் பேருக்குப் போலீஸ் மேல் நம்பிக்கை இல்லை' என்று ஒரு செய்தித் தலைப்பு வந்தால் போதும், டீக்கடையில் இரண்டு கட்சி பிரிந்துவிடும். "யாரைக் கேட்டாங்க? என்னைக் கேட்கலையே!" என்பார் ஒருவர். "பாதியா? முக்கால்வாசின்னு போடணும்" என்பார் இன்னொருவர். சாயங்காலம் ஏதாவது ஒரு வாட்ஸாப் குழுவில் 'நீங்களும் வாக்களியுங்கள்' என்று ஒரு வாக்கெடுப்பு ஓடும். அதில் வரும் எண்ணும் செய்தியில் வந்த எண்ணும் ஒரே ஜாதி என்றுதான் பலர் நினைக்கிறார்கள்.

அப்படி இல்லை. காவல்துறையையும் நீதிமன்றத்தையும் பற்றி நகர மக்களிடம் கேட்டறிவது ஒரு தனிக் கைவேலை. அது எப்படி நடக்கிறது, அதில் வரும் எண் உண்மையில் எதைச் சொல்கிறது என்று முதலிலிருந்து பார்ப்போம். கணக்குப் பாடம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

ஒரு சோறு பதம், ஆனால் எந்தப் பானைக்கு?

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். அந்தப் பழமொழி பலிப்பதற்குக் காரணம், பானையில் இருக்கிற அத்தனை அரிசியும் ஒரே தண்ணீரில், ஒரே தீயில் வெந்தது. அடிப்பிடித்த பானையில் மேலாக ஒரு பருக்கையை எடுத்துப் பார்த்தால் அது பொய் சொல்லும்.

போலீஸ் விஷயத்தில் எந்த நகரமும் அடிப்பிடித்த பானைதான். சென்னையில் பணக்காரர்கள் வசிக்கும் போட் கிளப் சாலைக்காரர் பார்க்கும் போலீசும் ஏழைகள் வசிக்கும் கண்ணகி நகர்ப் பையன் பார்க்கும் போலீசும் ஒரே சீருடை போட்டவர்கள். ஆனால் இருவரின் அனுபவமும் ஒன்றாக இருக்காது. எனவே கரண்டியை எங்கே விடுகிறோம் என்பதுதான் முதல் பிரச்சினை.

இதற்கு வழி குலுக்கல். நகரத்தில் வசிக்கும் ஒவ்வொருவருக்கும் தேர்வாக ஒரு வாய்ப்பு இருக்க வேண்டும், அந்த வாய்ப்பு எவ்வளவு என்று கணக்கிடவும் முடிய வேண்டும். அப்படிக் குலுக்கி எடுத்த ஆட்களின் தொகுதிக்குச் சமவாய்ப்பு மாதிரி என்று பெயர். கேட்பவருக்குப் பிடித்தவர், கைக்குக் கிடைத்தவர், தானாக முன்வந்தவர் ஆகிய மூவரும் இதில் சேர்த்தியில்லை. வாட்ஸாப் வாக்கெடுப்பு இங்கேயே அடிபட்டுப் போகிறது, ஏனென்றால் அதில் இருப்பவர் எல்லாருமே தானாக முன்வந்தவர்கள்.

"ஆனா நிறையப் பேர் வாக்களிச்சா சரியாயிடும் இல்லையா?" என்று கேட்கலாம். ஆகாது. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் லிட்டரரி டைஜஸ்ட் என்ற வார இதழ் சுமார் ஒரு கோடிப் பேருக்கு 'யாருக்கு ஓட்டு?' என்று கேட்டுச் சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கும் அதிகமானோர் திருப்பி அனுப்பினார்கள். அதிபர் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் ஜெயிப்பார் என்று இதழ் சொன்னது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ அள்ளிக்கொண்டு போனார். முகவரிகளை எடுத்தது பெரும்பாலும் தொலைபேசி, கார் வைத்திருந்தவர்கள் பட்டியல்களிலிருந்து. பொருளாதார மந்தத்தின் நடுவில் அவை வசதியானவர்களின் பட்டியல்கள். போதாததற்கு, சிரமம் பார்க்காமல் சீட்டைத் திருப்பி அனுப்பியவர்கள் பெரும்பாலும் ரூஸ்வெல்ட் மேல் கடுப்பில் இருந்தவர்கள்.

சரி, குலுக்கல் ஒழுங்காக நடந்தால் எத்தனை பேர் போதும்? இங்கேதான் பலருக்கு நம்பிக்கை வராது. ஆள் குண்டாக இருக்கிறார் என்பதற்காக லேப்பில் நாலு குப்பி ரத்தம் எடுப்பதில்லை. அதுபோல, நகரம் 5 லட்சம் பேர் கொண்டதானாலும் 50 லட்சம் பேர் கொண்டதானாலும், தேவைப்படும் மாதிரியின் அளவு ஏறக்குறைய ஒன்றுதான். 1,000 பேரைக் கேட்டு 50 சதவீதம் என்று வந்தால், ஊரையே கேட்டிருந்தால் கிடைக்கும் விடை 47க்கும் 53க்கும் இடையில் இருக்கும் என்று 20 முறைக்கு 19 முறை நம்பலாம். அந்த 3 சதவீதத் தள்ளாட்டத்துக்குப் பெயர் பிழை வரம்பு. அதைப் பாதியாகக் குறைக்க 2,000 பேர் போதாது, 4,000 பேர் வேண்டும். காசு இங்கேதான் கரையும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கமாகச் சொன்னால்: எண்ணிக்கையைவிடக் குலுக்கல் முக்கியம். குலுக்காமல் எடுத்த 20 லட்சத்தைவிடக் குலுக்கி எடுத்த 1,000 பெரிது.

கதவைத் திறப்பவர் யார்?

குலுக்கலில் வீடு விழுந்துவிட்டது. அந்த வீட்டில் யாரைக் கேட்பது?

சில வருஷங்களுக்கு முன் எங்கள் வீட்டுக்கு ஒரு பெண் கையில் டேப்லட்டோடு வந்தார். "18 வயசுக்கு மேல எத்தனை பேர்ங்க? யாருக்குக் கடைசியா பொறந்தநாள் வந்துச்சு?" என்று கேட்டார். அம்மாவுக்கு. அப்பா உடனே, "என்னையே கேளும்மா, அவளுக்கு போலீஸ், கோர்ட்டு பத்தி என்ன தெரியும்?" என்றார். அந்தப் பெண் அசையவில்லை. "இல்லைங்க ஐயா, அம்மாதான் சொல்லணும்." எனக்கு அன்று அது வீம்பாகத் தெரிந்தது. பிறகுதான் புரிந்தது, பிறந்தநாள் கேள்வி வீட்டுக்குள் நடக்கும் இரண்டாவது குலுக்கல் என்று. கதவைத் திறந்தவர்களையே கேட்டுக்கொண்டு போனால் பகலில் வீட்டில் இருப்பவர்களும், வீட்டில் குரல் ஓங்கியவர்களும் மட்டும்தான் ஊர் என்று ஆகிவிடும்.

அப்பா பக்கத்திலேயே நின்றார். அம்மா எல்லாக் கேள்விக்கும், "நல்லாத்தான் இருக்காங்க, ஒண்ணும் குறையில்ல" என்றார். அப்பாவுக்கு போன் வந்து மாடிக்குப் போனார். உடனே அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு, கோயில் கூட்டத்தில் கைப்பையோடு செல்போன் போனதையும், ஸ்டேஷனில் இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்ததையும் சொல்ல ஆரம்பித்தார். பத்து நிமிஷத்துக்கு முன் அதே அம்மாவின் பதில் 'திருப்தி' என்று பதிவாகியிருந்தது. அந்தப் பெண் விரலால் மேலே தள்ளி அந்தப் பதிலுக்குத் திரும்பப் போனதைப் பார்த்தேன்.

அதனால்தான் இத்தகைய கணக்கெடுப்பில் தனியாக வைத்துக் கேட்கச் சொல்கிறார்கள். கேட்பவர் யார் அனுப்பி வந்திருக்கிறார் என்பதும் முக்கியம். 'காவல்துறை சார்பில் வந்திருக்கேன், காவல்துறை எப்படி?' என்று கேட்டால் என்ன பதில் வரும் என்று எல்லாருக்கும் தெரியும்.

பூட்டிய வீடுகள், "எங்களுக்கு எதுக்குப்பா வம்பு" என்று கதவைச் சாத்துபவர்கள், இரவு ஷிப்ட் முடித்துத் தூங்குபவர்கள் ஆகியோர் விடுபட்டுப் போவதால் முடிவு ஒரு பக்கம் சரியும். இதைப் பதிலின்மைச் சாய்வு என்பார்கள். பக்கத்து வீட்டைத் தட்டி ஆளை ஈடுகட்டுவது சுலபம், ஆனால் தப்பு. போலீசுக்குப் பயந்து கதவைச் சாத்தியவருக்குப் பதிலாகப் பயப்படாத ஒருவர் உள்ளே வந்துவிடுகிறார். ஞாயிற்றுக்கிழமையோ சாயங்காலமோ அதே வீட்டுக்கே திரும்பப் போக வேண்டும்.

போலீஸ் கணக்கே இருக்கிறதே?

எதற்கு இத்தனை பாடு, குற்றப் புள்ளிவிவரம்தான் வருஷா வருஷம் வருகிறதே என்று தோன்றலாம்.

அம்மாவின் செல்போனையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டேஷனில் 'திருடு போனது' என்று எழுதிக் கொடுத்த மனுவை, 'தொலைந்து போனது' என்று மாற்றி எழுதச் சொன்னார்கள். சிஎஸ்ஆர் ரசீது ஒன்று கொடுத்தார்கள். அது புகார் வந்து சேர்ந்ததற்கான ஒப்புகை, அவ்வளவுதான். குற்றம் கணக்கில் ஏறுவது முதல் தகவல் அறிக்கை, அதாவது எஃப்ஐஆர் போட்டால்தான். பிடியாணை இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகப் புகார் சொன்னால் எஃப்ஐஆர் போடுவது கட்டாயம் என்று 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் 'தொலைந்தது' குற்றமே இல்லையே! ஆக, அரசாங்கக் கணக்கின்படி அன்று அந்தக் கோயிலில் எதுவும் நடக்கவில்லை.

இப்படி விடுபட்டவற்றைப் பிடிக்கத்தான் வீடு வீடாகப் போய், 'கடந்த 12 மாதத்தில் உங்களுக்கு ஏதாவது திருட்டு நடந்ததா? புகார் கொடுத்தீர்களா? என்ன ஆச்சு?' என்று கேட்கும் முறை வந்தது. அமெரிக்காவில் 1960களில் சோதனையாகத் தொடங்கி 1970களில் நிலையான கணக்கெடுப்பானது. பிரிட்டன் 1982இல் தொடங்கியது. இந்தியாவில் ஐடிஎஃப்சி இன்ஸ்டிடியூட் என்ற ஆய்வு அமைப்பு டெல்லி, மும்பை, பெங்களூரு, சென்னை நகரங்களில் 20,000க்கும் மேற்பட்ட வீடுகளில் கேட்டு 2017இல் வெளியிட்டது. திருட்டுக்கு ஆளானவர்களில் எஃப்ஐஆர் வரை போனவர்கள் 6 முதல் 8 சதவீதம்தான் என்று அதில் தெரியவந்தது.

இதிலிருந்து ஒரு விபரீதமான முடிவும் கிடைக்கிறது. ஒரு நகரத்தில் போலீஸ் மேல் நம்பிக்கை கூடினால் புகார்கள் கூடும், எஃப்ஐஆர் கூடும், காகிதத்தில் குற்றமும் கூடும். 'குற்றங்கள் அதிகரிப்பு' என்ற தலைப்பு நல்ல செய்தியாகவும் இருக்கலாம்.

'நம்பிக்கை' என்று எதைச் சொல்கிறோம்?

'போலீஸ் மேல் நம்பிக்கை இருக்கிறதா?' சுத்தமான கேள்விபோலத் தெரிகிறது. ஆனால் அதற்குள் குறைந்தது மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. கூப்பிட்டால் வருவார்களா என்பது திறமை பற்றியது. காசு கேட்பார்களா என்பது நேர்மை பற்றியது. என்னையும் எதிர்வீட்டுப் பணக்காரரையும் ஒன்றாக நடத்துவார்களா என்பது நியாயம் பற்றியது. ஒருவர் முதலாவதுக்கு 'ஆமாம்', இரண்டாவதுக்கு 'கேட்பாங்க', மூன்றாவதுக்குச் சிரிப்பு என்று பதில் வைத்திருக்கலாம். ஒற்றைக் கேள்வியில் அவர் எதைச் சொல்வார்?

தமிழில் இன்னொரு சிக்கல் உண்டு. "போலீஸ்னா ஒரு பயம் இருக்கணும்" என்று நம் ஊரில் பாராட்டாகவே சொல்வார்கள். 'போலீசைக் கண்டால் பயமா?' என்ற கேள்விக்கு வரும் 'ஆமாம்' புகாரா, புகழா என்று படிவத்தை வைத்துச் சொல்ல முடியாது.

கேள்வியின் தொனியும் விடையைத் தள்ளும். 'இரவு பகலாக உழைக்கும் காவலர்களின் பணியில் உங்களுக்குத் திருப்தியா?' என்று கேட்டால் திருப்திதான் வரும். 'லஞ்சம் பெருகிவிட்ட இந்தக் காலத்தில்...' என்று ஆரம்பித்தால் வேறு விடை. அதனால் அனுபவம் உள்ள ஆய்வாளர்கள் அபிப்பிராயத்தைவிட நடந்ததைக் கேட்கிறார்கள். கடைசியாக எப்போது போலீசிடம் பேசினீர்கள்? நீங்கள் போனீர்களா, அவர்கள் நிறுத்தினார்களா? உங்கள் தரப்பைச் சொல்ல விட்டார்களா? என்ன முடிவு சொன்னார்கள், ஏன் என்று சொன்னார்களா?

சிகாகோ, 1984

இந்தக் கடைசிக் கேள்விகளை ஒரு பெருநகரத்தில் ஒழுங்காகக் கேட்டவர் டாம் டைலர் என்ற உளவியலாளர். 1984இல் சிகாகோவில் குலுக்கி எடுத்த 1,575 பேரிடம் தொலைபேசியில் பேட்டி எடுத்தார்கள். நகரத்தின் மக்கள்தொகை அப்போது சுமார் 30 லட்சம். போலீஸ், கோர்ட்டு இரண்டைப் பற்றியும் கேட்டார்கள். கூடவே அன்றாடச் சட்டங்களை எவ்வளவு மதிக்கிறீர்கள் என்றும் கேட்டார்கள். அதிவேகமாக ஓட்டுவது, தப்பான இடத்தில் வண்டியை நிறுத்துவது, குப்பை போடுவது, அக்கம்பக்கத்தைச் சத்தத்தால் தொந்தரவு செய்வது, குடித்துவிட்டு ஓட்டுவது, கடையில் திருடுவது என்று ஆறு விஷயங்கள்.

அன்றைக்குப் பொதுவாக நம்பப்பட்டது என்ன? மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தால் மக்கள் சட்டத்துக்குக் கட்டுப்படுகிறார்கள், தங்களுக்குச் சாதகமாக முடிந்தால் போலீசையும் நீதிபதியையும் மெச்சுகிறார்கள் என்று. இன்றும் பலர் இதைத்தான் நம்புகிறோம்.

பேட்டிகள் காட்டியது வேறு. கிடைத்த முடிவைவிட, நடத்தப்பட்ட விதம்தான் மனதில் அதிகம் நின்றது. அபராதம் கட்டியவரும் 'நியாயமாக நடத்தினார்கள்' என்று நினைத்தால் அந்த அமைப்பை ஏற்றார். இந்த 'நடத்தப்பட்ட விதம்' என்பதற்கு ஆய்வாளர்கள் வைத்த பெயர் நடைமுறை நியாயம். அண்மையில் போலீசிடமோ நீதிமன்றத்திலோ நேரடி அனுபவம் இருந்த 652 பேரின் பதில்களை வைத்து டைலர் அதைப் பிரித்துப் பார்த்தார். மரியாதையாக நடத்தியது, சொல்ல வந்ததைச் சொல்ல விட்டது, பாரபட்சம் காட்டாதது, நேர்மையாக இருக்க முயன்றது ஆகியவை அதில் வந்தன.

நமக்கு இதை விளக்க சிகாகோ வரை போக வேண்டியதில்லை. ராத்திரி வாகனச் சோதனையில் இரண்டு பேரை நிறுத்துகிறார்கள் என்று வையுங்கள். ஒருவரிடம், "சார், ஹெல்மெட் போடலை, அபராதம் கட்டணும், இந்தாங்க ரசீது" என்கிறார்கள். இன்னொருவரிடம், "யோவ், எங்கய்யா கிளம்பிட்ட? சரி சரி, போய்த் தொலை" என்று காசு வாங்காமல் விட்டுவிடுகிறார்கள். கணக்குப் பார்த்தால் இரண்டாமவருக்குத்தான் லாபம். ஆனால் வீட்டுக்குப் போய் மனைவியிடம் கொதிப்பது யார்? 'நீ'க்கும் 'நீங்க'வுக்கும் இருக்கிற தூரம் தமிழ் பேசும் எவருக்கும் தெரியும். நடைமுறை நியாயத்தின் பாதி அந்த இரண்டு எழுத்தில் இருக்கிறது.

இன்னொரு சொல்லும் இங்கே தேவை: அதிகார ஏற்பு. 'எனக்குப் பிடிக்காவிட்டாலும் இவர்கள் சொன்னால் கேட்க வேண்டும்' என்று ஒருவர் உள்ளூர நினைப்பது. டைலரின் கணக்கில், பிடிபடுவோம் என்ற பயத்தைவிட இந்த ஏற்புதான் சட்டத்தை மதிப்பதோடு அதிகம் ஒட்டி வந்தது. 'இது தப்பு' என்ற சொந்த மனசாட்சி அதையும் தாண்டி வலுவாக இருந்தது.

சுருக்கமாக: நடத்தும் விதத்தால் ஏற்பு வருகிறது, ஏற்பால் சட்டத்தை மதிப்பது வருகிறது. இது டைலரின் வாதம்.

ஒரே ஆளை இரண்டு முறை கேட்பது

கூர்மையான வாசகர் இந்நேரம் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்திருப்பார். ஏற்கெனவே போலீசைப் பிடிக்காதவர், 'சார்' என்று கூப்பிட்டாலும் 'நக்கல் பண்றாங்க' என்றுதானே நினைப்பார்? அப்படியானால் நடத்திய விதம் மனதை மாற்றியதா, மனம் நடத்திய விதத்தை நிறம் மாற்றிக் காட்டியதா? ஒரே ஒரு முறை கேட்டால் இதைச் சொல்லவே முடியாது. கல்யாண போட்டோவை மட்டும் பார்த்துவிட்டு, அதற்கு முன் அவர்கள் காதலித்தார்களா இல்லையா என்று சொல்வதுபோல ஆகிவிடும்.

சிகாகோ ஆய்வின் கெட்டிக்காரத்தனம் இங்கேதான் இருக்கிறது. ஒரு வருஷம் கழித்து, முன்பு கேட்டவர்களிலேயே 804 பேரைத் திரும்ப அழைத்தார்கள். இடைப்பட்ட வருஷத்தில் அவர்களில் பலருக்குப் போலீசோடோ கோர்ட்டோடோ ஏதோ ஓர் அனுபவம் நேர்ந்திருந்தது. இப்போது மூன்று விஷயம் கையில் இருக்கிறது: அனுபவத்துக்கு முந்தைய மனம், அனுபவம், பிந்தைய மனம். முன்பே வெறுத்தவர்களையும் முன்பே மதித்தவர்களையும் தனித்தனியாக வைத்து, ஒவ்வொருவரும் எவ்வளவு நகர்ந்தார்கள் என்று பார்க்கலாம். பழைய அபிப்பிராயத்தைக் கழித்த பிறகும், நடத்தப்பட்ட விதத்தின் தடம் மிச்சம் இருந்தது. இப்படி அதே ஆட்களைத் திரும்பத் திரும்பக் கேட்பதைத் தொடர்மாதிரி ஆய்வு என்பார்கள்.

முழுதாக நிரூபணம் ஆகிவிட்டதா என்றால், இல்லை. 'குடித்துவிட்டு ஓட்டுகிறீர்களா?' என்று போனில் கேட்டால் எத்தனை பேர் நிஜம் சொல்வார்கள்? அந்தச் சந்தேகம் எனக்கும் உண்டு.

அதே நகரத்தில் பின்னாளில் வெஸ்லி ஸ்கோகன் என்ற ஆய்வாளர் இன்னொன்றைக் கண்டார். போலீசோடு ஏற்படும் ஒரு கெட்ட அனுபவத்தின் பாதிப்பு, ஒரு நல்ல அனுபவத்தின் பாதிப்பைவிட 4 முதல் 14 மடங்கு பெரியது என்று 2006இல் எழுதினார். நல்ல அனுபவம் கிட்டத்தட்ட எதையுமே மாற்றவில்லை. பால் குடத்தில் ஒரு துளி விஷம் என்ற பேச்சுக்குக் கணக்குப் போட்டுக் காட்டியது போலிருக்கிறது.

கோர்ட்டு விஷயம் கொஞ்சம் வேறு

போலீசைத் தெருவில் தினம் பார்க்கிறோம். கோர்ட்டுக்குள் காலே வைக்காதவர்கள்தான் நம்மில் அதிகம். படி ஏறாமல் இருப்பதையே பாக்கியமாகச் சொல்லிக்கொள்கிறோம். 'நீதிமன்றத்தின் மேல் நம்பிக்கை உண்டா?' என்ற கேள்விக்கு நகரவாசி தரும் பதில் பெரும்பாலும் சினிமாவிலிருந்தும் பேப்பரிலிருந்தும் வருகிறது. போலீசைவிட நீதிமன்றத்துக்கு அதிக மார்க் விழுந்தால், தூரத்துப் பச்சைக்கும் அதில் பங்கு இருக்கலாம்.

அதனால் சிலர் நேராகக் கோர்ட்டு வளாகத்துக்கே போய்விடுகிறார்கள். பெங்களூரில் இருக்கும் தக்‌ஷ் என்ற அமைப்பு 2015-16இல் நாடு முழுக்க 9,329 வழக்காடிகளிடம் கேட்டது. ஒரு நாள் வாய்தாவுக்கு வந்துபோக சிவில் வழக்குக்காரருக்குச் சராசரியாக 497 ரூபாய் செலவு, வேலைக்குப் போகாததால் 844 ரூபாய் நஷ்டம் என்று தெரிந்தது. வழக்கு தள்ளிப்போகும் ஒவ்வொரு முறையும் இது திரும்ப நடக்கும்.

ஆனால் இந்த எண்கள் வழக்காடிகள் சொன்னவை, ஊர் சொன்னவை அல்ல. செலவுக்குப் பயந்து வழக்கே போடாதவர் அந்த வளாகத்தில் இருக்கமாட்டார். ஆஸ்பத்திரி வாசலில் நின்று கேட்டால் டாக்டரைப் பற்றித் தெரியும், ஆஸ்பத்திரிக்கே வர முடியாதவரைப் பற்றித் தெரியாது. இரண்டு வகை ஆய்வும் வேண்டும். ஒன்றின் எண்ணை எடுத்து மற்றதின் தலைப்பில் போடுவதுதான் பத்திரிகைகளில் அடிக்கடி நடக்கும் தவறு.

இந்த எண்ணை எதற்குப் பயன்படுத்தக் கூடாது

நகரத்துக்கே 1,600 பேரைக் கேட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பிழை வரம்பு 2.5 சதவீதத்துக்குப் பக்கம், நகரத்துக்கு அது பிரமாதம். அப்புறம் யாராவது ஒருவர் அதே பட்டியலைக் காவல் நிலைய வாரியாகப் பிரித்து, 'மக்கள் மனம் கவர்ந்த முதல் ஐந்து நிலையங்கள்' என்று வெளியிடுவார். நகரத்தில் 100 நிலையங்கள் இருந்தால் நிலையத்துக்கு 16 பேர். 16 பேரில் பிழை வரம்பு 25 சதவீதத்தை ஒட்டி வரும். முதலிடமும் ஐம்பதாவது இடமும் தமக்குள் இடம் மாறிக்கொண்டாலும் ஆச்சரியமில்லை. பரிசு வாங்கிய ஸ்டேஷனில் ஸ்வீட் கொடுப்பார்கள், வாங்கிச் சாப்பிடுங்கள், ஆனால் அந்தப் பட்டியலைப் பார்த்து வீடு மாற்றாதீர்கள்.

அடுத்தது, 'கருத்து இல்லை' என்ற கட்டம். பெரும்பாலான செய்திகளில் இதை வெட்டிவிட்டு மீதியை 100 ஆக்கிவிடுவார்கள். எதிர்வீட்டு அண்ணனுக்கு நிஜமாகவே கருத்து இல்லாமல் இருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டுக் கதவருகே அப்பா மாடிக்குப் போகாமல் அங்கேயே நின்றிருந்து, அந்தப் பெண் இன்னும் கொஞ்சம் துருவிக் கேட்டிருந்தால், அம்மா 'நல்லாத்தான் இருக்காங்க' என்பதை விட்டுவிட்டு 'எனக்குத் தெரியாதும்மா' என்று சொல்லியிருப்பார். டேப்லட்டில் அதற்கும் ஒரு பொத்தான் இருந்தது.